பெற்றவள் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி அந்த லைவ்வைப் பார்த்தவர்களுக்கு நான் எதைப் பற்றிப் புலம்புகிறேன் என்று தெரியும். பார்க்காதவர்கள் புண்ணியவான்கள், தாராளமாக ஸ்க்ரோல் பண்ணிக்கொண்டு போகலாம்.

1959இல் வந்த 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படத்தின் திரைக்குப் பின்னால் நடந்த கதைகள் என்று ஓர் அண்ணன் முக்கால் மணி நேரம் பேசினார். படத்தில் லோரா என்கிற வெள்ளைக்கார எஜமானியாகக் கதாநாயகி லானா டர்னர். அவள் வீட்டில் வேலை செய்யும் கறுப்பினத் தாய் ஆனி. ஆனியின் மகளோ வெளிர் நிறம், வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டு அம்மாவை விட்டு ஓடுகிறவள். லானா டர்னர் போட்ட நகை. லானா டர்னர் கட்டிய உடுப்பு. லானா டர்னரின் காதலன் ஸ்டொம்பனாட்டோ 1958 ஏப்ரலில் அவர் வீட்டிலேயே குத்துப்பட்டுச் செத்தது. குத்தியது பதினான்கு வயது மகள். கத்தியை எப்படிப் பிடித்திருப்பாள் என்று அண்ணன் பேனாவை வைத்து நடித்தே காட்டினார். நடுவில் கமெண்டில் ஒரு பெண் கேட்டார்: "அந்த அம்மாவா நடிச்சவங்க யாரு சார்?" அண்ணன் அரை விநாடி யோசித்தார். "அவங்களா... பேரு டக்குனு வரல. அந்த வேலைக்காரி ரோல். நல்லா பண்ணிருப்பாங்க." உடனே நகைக்குத் திரும்பிவிட்டார்.

ஆனியாக நடித்தவர் ஹுவானிட்டா மூர். எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அண்ணே, அடுத்த லைவ்வுக்கு உதவும்.

அந்தப் படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். அதுவரை மொத்த ஆஸ்கர் வரலாற்றிலும் நடிப்புக்காக அந்த இடத்துக்கு வந்த கறுப்பினத்தவர் நான்கே பேர். இவர் ஐந்தாவது. மகளாக நடித்த சூசன் கோனருக்கும் அதே துணை நடிகைப் பிரிவில் பரிந்துரை. இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை, ஷெல்லி விண்டர்ஸ் வாங்கிக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஹுவானிட்டாவுக்கு வாய்ப்புகள் குவிந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? பரிந்துரைக்கு முன்னால்தான் எனக்கு அதிக வேலை இருந்தது என்று அவரே ஒரு பேட்டியில் சொன்னார். ஆஸ்கர் வரை போனவரை ஒரு நாள், இரண்டு நாள் வேலைக்கு எப்படிக் கூப்பிடுவது என்று தயங்கினார்களாம். பெரிய வேடமும் தரமாட்டார்கள், சின்ன வேடத்துக்கும் கூப்பிடமாட்டார்கள். என்ன ஒரு மரியாதை! தொண்ணூற்றொன்பது வயது வரை இருந்து, 2014 ஜனவரி 1 அன்று இறந்தார். திரைக்குப் பின்னால் நடந்த கதையில் இது சேராதா?

"லானா டர்னர்தானே ஹீரோயின், அவங்களப் பத்தித்தானே பேசுவாங்க?" என்று வருவீர்கள், தெரியும். பேசட்டும். கொலை நடந்த சில மாதத்தில் லானா மேக்கப் போட்டுக்கொண்டு செட்டுக்கு வந்து, மகளோடு மனத்தாங்கல் உள்ள ஒரு தாயாக நடித்தார். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு லாபத்தில் பாதி என்று ஒப்பந்தம் போட்டார். படமும் ஓடியது, பணமும் கொட்டியது. கெட்டிக்காரி. எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் இல்லை. முக்கால் மணி நேரத்தில் இன்னொரு தாயின் பெயருக்கு ஒரு விநாடி கிடைக்கவில்லையா என்றுதான் கேட்கிறேன்.

இத்தனைக்கும் படமே இதைத்தான் சொல்கிறது. வருஷக்கணக்காக ஒரே வீட்டில் இருந்தும், ஆனிக்கு இவ்வளவு சிநேகிதர்கள் இருப்பார்கள் என்று தனக்குத் தோன்றியதே இல்லை என்கிறாள் எஜமானி. "நீங்க கேட்டதே இல்லையே, மிஸ் லோரா" என்கிறாள் ஆனி. குரலை உயர்த்தாமல், சாதாரணமாக. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, அந்த எஜமானி செய்ததையே செய்துவிட்டுப் போகிறோம்.

என் அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. சப்டைட்டில் இல்லாத ஒரு திருட்டு டிவிடியில் என்னோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தாள். லானா டர்னர் வரும்போதெல்லாம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மகள் லிண்டா என்ற பெயரில் வெள்ளைக்காரியாகத் தங்கியிருக்கும் அறைக்கு ஆனி போவாள் இல்லையா, தோழி உள்ளே வந்ததும், பெற்ற மகளைக் காட்டிக்கொடுக்காமல், 'இவங்கள நான் சின்ன வயசுல பாத்துக்கிட்டேன்' என்கிற மாதிரிப் பேசி 'மிஸ் லிண்டா' என்பாளே, அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. "பெத்த பிள்ளையவா மிஸ்ஸுங்கறா?" என்றாள். அவளுக்கு யாரும் விளக்கவில்லை.

அம்மா ஒரு தனியார் பள்ளியில் ஆயா. எந்தப் பள்ளி என்று சொல்லப்போவதில்லை. ஆண்டு விழாவில் நன்றியுரை வாசிப்பார்கள். பந்தல் போட்டவருக்கு நன்றி, மைக்செட்காரருக்கு நன்றி, போக்குவரத்தை ஒழுங்குபடுத்திய காவல்துறைக்கு நன்றி. எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு இறக்கை கட்டி, பவுடர் போட்டு, நடுவில் ஒன்றுக்குப் போனதைக் கழுவிவிட்டு மேடையேற்றிய ஆயாக்கள் திரைக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார்கள். எனக்கு ஏன் சுள்ளென்று ஏறுகிறது என்று கேட்பவர்களுக்கு இது போதும்.

"அந்த மகளாக நடிச்சவங்க கறுப்பினமே இல்லையே, அத ஏன் எழுதல?" என்று ஒருவர் ஏற்கெனவே கேட்டுவிட்டார். சரிதான். சூசன் கோனரின் அம்மா லூபிட்டா டோவர், மெக்சிகோ நடிகை. அப்பா யூதர். இதே கதையை வைத்து 1934இல் வந்த முதல் படத்தில் மகளாக நடித்த ஃப்ரெடி வாஷிங்டன் கறுப்பினத்தவர். வெள்ளைக்காரி என்று சொல்லிக்கொண்டால் நம்பிவிடும் நிறம், ஆனாலும் வாழ்க்கையில் அப்படிச் சொல்லிக்கொள்ளவே மாட்டேன் என்று நின்றவர். நியாயமான கேள்வி, மறுக்கவில்லை. ஆனால் இந்த நியாயமெல்லாம் நேற்று லைவ்வில் எங்கே போயிருந்தது? அங்கே ஹார்ட் விட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் பார்த்தேன்.

ஆனியே ஒரு தேய்ந்துபோன தியாகத்தாய் அச்சுதானே என்பவர்களோடு இன்னொரு நாள் சண்டை போடுகிறேன்.

கிசுகிசுதான் வேண்டும் என்றால் நல்லதாகவே தருகிறேன். இயக்குநர் டக்ளஸ் சிர்க் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்தவர். முதல் மனைவி நாஜி ஆதரவாளர், இரண்டாம் மனைவி யூதர். அதனால் முதல் தாரத்து மகனைப் பார்க்கவே விடவில்லை. அந்தப் பையன் நாஜி காலத்துப் படங்களில் நடித்தான். அப்பன் மகனைப் பார்க்க வேண்டும் என்றால் தியேட்டருக்குப் போய்த் திரையில் பார்த்தால்தான் உண்டு. 1944இல் போர்முனையில் அவன் செத்துப்போனான். அந்த மனிதர்தான், ஹாலிவுட்டில் தன் கடைசிப் படத்தில், தன்னை வேண்டாம் என்ற மகள் ஆடுவதைக் கூட்டத்தோடு நின்று பார்க்கும் ஒரு தாயை எடுத்தார். இதை விட்டுவிட்டு நகையா அண்ணே?

இன்பாக்ஸில் ஒரு தம்பி: "எல்லாத்துலயும் நிறம், சாதின்னு ஏன் பாக்குறீங்க, சினிமாவ சினிமாவா பாருங்க." பார்த்தேன் தம்பி. அம்மா கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் அந்த மகளின் வெள்ளைக்காரக் காதலன் அவளைத் தெருவில் நிறுத்தி அடித்துத் தள்ளுகிறானே, அது என்ன, வண்டி நிறுத்துகிற தகராறா?