சூப்பர் செவ்வாயிலேயே டிரம்ப் வேட்பாளர் ஆகிவிட்டாரா?

சூப்பர் செவ்வாய் என்பது பல அமெரிக்க மாநிலங்கள் ஒரே நாளில் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்வு செய்ய வாக்களிக்கும் நாள். “2024 மார்ச் 5 அன்று வாக்களித்த 15 மாநிலங்களையும் அள்ளி, டிரம்ப் அன்றே குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆனார்” என்ற பதிவு சுற்றி வருகிறது. இரண்டுமே தவறு.

அவர் வென்றது 14 மாநிலங்கள். வெர்மான்ட் மாநிலம் அவரது கட்சிப் போட்டியாளர் நிக்கி ஹேலிக்குப் போனது. தோற்ற அந்த மாநிலத்திலும் டிரம்புக்குப் பிரதிநிதிகள் (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்வு செய்ய வாக்களிப்பவர்கள்) கிடைத்தார்கள். அங்கு யாருக்கும் 50 சதவீதம் வராததால் இருவருக்கும் பங்கிட்டார்கள். கலிபோர்னியாவில் பாதிக்கு மேல் வாக்கு வாங்கியதால் 169 பேரும் அவருக்கே. இந்தக் கணக்குதான் முக்கியம், மாநில எண்ணிக்கை அல்ல.

வேட்பாளராகத் தேவை 1,215 பிரதிநிதிகள். சூப்பர் செவ்வாய்க்கு மறுநாளே ஹேலி போட்டியிலிருந்து விலகியதால் பலர் குழம்பியிருக்கலாம். ஆனால் மார்ச் 12 அன்று ஜார்ஜியா, மிசிசிப்பி, வாஷிங்டன் மாநில வாக்குகள் எண்ணப்பட்ட பிறகே டிரம்ப் அந்த எண்ணைத் தாண்டினார். முறையான அறிவிப்பு ஜூலையில், மில்வாக்கி மாநாட்டில்.