ரெங்கநாதன் விசைப்பலகையை யார் பராமரிப்பது?

விண்டோஸ் 11 கணினியில் தமிழைச் சேர்த்துப் பாருங்கள். உள்ளேயே வருபவை இந்திய இன்ஸ்கிரிப்ட், தமிழ் 99, அஞ்சல் போன்றவை. "தமிழ் (இலங்கை)" என்று தெரிவு செய்தாலும் கிடைப்பது இவைதான். எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தரம் 2008இல் ஏற்றுக்கொண்ட ரெங்கநாதன் விசைப்பலகை அங்கே இல்லை. சிங்களத்தைச் சேர்த்தால் விஜேசேகர விசைப்பலகை கேட்காமலே வந்துவிடுகிறது. ஒரே நாட்டின் இரண்டு அரச மொழிகள். ஒன்றுக்கு விசைப்பலகை தயாராக இருக்கிறது, மற்றதற்கு நாமே தேடிப் பிடித்து நிறுவ வேண்டும்.

தேடிப் பிடித்தாலும் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நடக்கிறது. புதுக்கடையில் உறுதி தட்டுபவர்கள், வெள்ளவத்தை கொமினிகேஷன் கடைகளில் அழைப்பிதழ் அடிப்பவர்கள், பிரதேச செயலகங்களில் தமிழ்க் கடிதம் தயாரிப்பவர்கள் எல்லோரும் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது என் கருத்து. "இவர்கள் பழைய ஆட்கள், மாற மாட்டார்கள்" என்று சொல்வது நியாயமே இல்லை. வருடக்கணக்காகப் பழகிய விரல்களோடு யுனிகோடு என்ற பொதுக் குறியீட்டு முறைக்கு வர அவர்களுக்கு நாம் ஒழுங்கான வழி போட்டுக் கொடுக்கவில்லை.

பாமினியில் தமிழ் என்ற சொல்லுக்கு ஆங்கில விசைகள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. திரையில் தமிழ் தெரியும். ஆனால் கோப்புக்குள் கிடப்பது அந்த ஐந்து ஆங்கில எழுத்துகளே. எழுத்துருவை மாற்றினால் குப்பை. தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படுத்த முடியாது, தொலைபேசிக்கு அனுப்பினால் அங்கே வாசிக்க முடியாது. கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் மொழித் தொழில்நுட்ப ஆய்வுகூடம் வெளியிட்ட மாற்றி போன்றவை பழைய கோப்புகளுக்கு உதவும். ஆனால் ஆங்கிலமும் தமிழும் கலந்த பத்தியை அப்படியே மாற்றியில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் தமிழ் எழுத்துகளாகிவிடும். மூலக் கோப்பை எப்போதும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று அடிக்கும் புதுக் கடிதத்தை அடித்து முடித்த பிறகு மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை. போக வேண்டியது பாமினி எழுத்துரு. அதில் பழகிய விரல்கள் இருக்கட்டும். ரெங்கநாதன் விசைப்பலகை பாமினிக்கு நெருங்கியது, யுனிகோடில் எழுதுவது. பாலம் ஏற்கெனவே இருக்கிறது, பலகைகள்தான் ஆடுகின்றன.

ஆடுவதற்குக் காரணம் ஒற்றைக் கொம்பும் (ெ) இரட்டைக் கொம்பும் (ே). தட்டெழுத்து இயந்திரத்தில் பழகியவர் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடிப்பார்: முதலில் கொம்பு, பிறகு மெய். யுனிகோடு சேமிப்பது உச்சரிப்பு வரிசையில்: முதலில் க, பிறகு கொம்பு. இடையில் நின்று வரிசையை மாற்றுவது விசைப்பலகை மென்பொருளின் வேலை. "மகேசன்" என்று அடிப்பதாக வைத்துக்கொள்வோம். ம அடித்தாயிற்று. அடுத்து இரட்டைக் கொம்பு. விசைப்பலகை அந்தக் கொம்பை அப்படியே ஆவணத்தில் போட்டால், எழுத்துரு அதை முன்னால் நிற்கும் ம-வோடு சேர்த்து "மே" என்று காட்டும். க அடித்த பிறகுதான் "மகே" என்று திருந்தும். அடிப்பவர் பிழை விட்டதாக நினைத்து அந்த இடத்திலேயே நின்று அழித்துவிடுவார்.

இதை மறைக்கச் சில விசைப்பலகைகள் குறுக்கு வழியில் போகின்றன. கொம்புக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் அகலமற்ற எழுத்தைப் போட்டு ம-விலிருந்து பிரித்து வைக்கின்றன. மெய் வந்ததும் அந்த எழுத்தை அகற்ற வேண்டும். ஆனால் நடுவில் எலியை வேறிடத்தில் சொடுக்கினாலோ, சாளரத்தை மாற்றினாலோ அது அங்கேயே தங்கிவிடும். அச்சில் தெரியாது. பெயர்ப் பட்டியலில் "மகேசன்" என்று தேடினால் அந்த ஒரு மகேசன் மட்டும் வரமாட்டார். இப்படி மாட்டிய பட்டியலைக் கண்ணால் சரிபார்க்க வழியே இல்லை. சொல்லுக்குள் அம்புக்குறி விசையால் ஒவ்வொரு படியாக நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் விசையை அழுத்தியும் சுட்டி அசையாமல் நின்றால் அங்கே ஏதோ இருக்கலாம் என்று அர்த்தம்.

சரியான வழி, கொம்பை ஆவணத்துக்குள் விடாமல் மெய் வரும்வரை கையில் வைத்திருப்பது. லினக்ஸில் ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருட்களின் கூட்டணி இப்படிச் செய்ய இடம் தருகிறது. எம்17என் தொகுப்பில் இலங்கை ரெங்கநாதனுக்கென்றே ஒரு கோப்பும் இருக்கிறது. லினக்ஸின் அடிப்படை விசைப்பலகை அமைப்பான எக்ஸ்கேபியின் இலங்கைக் கோப்பில் தமிழ் 99 வகை இருந்தாலும் அங்கே ஒரு விசைக்கு ஓர் எழுத்துத்தான். முன்னால் என்ன அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் தமிழ் 99இன் தானியங்கிப் புள்ளி விதிகூட (தேவையான இடத்தில் மெய்யின் புள்ளி தானாக விழுவது) அங்கே வராது, ரெங்கநாதனின் கொம்பு எப்படி வரும்? எக்ஸ்கேபி கோப்பைத் தொகுப்புக் கோப்புறைக்குள்ளேயே போய்த் திருத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த அப்டேட் உங்கள் திருத்தத்தை அழித்துவிடும். வேலண்ட் என்ற புதிய திரை அமைப்பைப் பயன்படுத்தினால் உங்கள் சொந்தக் கட்டமைப்புக் கோப்புறைக்குள் எக்ஸ்கேபி என்ற உபகோப்புறை போட்டு அதில் வையுங்கள்.

விண்டோஸில் பலர் எடுப்பது மைக்ரோசொப்டின் பழைய கீபோர்ட் லேஅவுட் கிரியேட்டர் 1.4. அதில் ரெங்கநாதன் செய்ய முடியாது. அதன் முடங்கு விசை (அடுத்த விசைக்காகக் காத்திருக்கும் விசை) முறையில் இரண்டு விசைகள் சேர்ந்து ஒரேயொரு குறியீட்டைத்தான் தரும். "கெ" என்பது இரண்டு குறியீடுகள். ஆகவே அதில் செய்த "ரெங்கநாதன்" எல்லாம் க-வை முதலில் அடிக்கச் சொல்லும். விசைகளின் இடம் மட்டும் ஒன்றாக இருந்து வரிசை மாறினால் பழகிய விரலுக்கு அது வேறு விசைப்பலகை. இன்னொன்று, அந்தக் கருவி ஏஆர்எம் சில்லில் ஓடும் கணினிக்கான கோப்பை உருவாக்காது. புது ஏஆர்எம் மடிக்கணினி வாங்கியவருக்கு இது ஏன் வேலை செய்யவில்லை என்பதே புரியாது.

மெக்கில் யூகெலெலே என்ற விசைப்பலகை உருவாக்கும் மென்பொருளைக் கொண்டு செய்யலாம். கொம்பை அழுத்தியதும் ஒரு நிலைக்குப் போய், க அழுத்தியதும் "கெ" என்று சேர்த்து வெளியிடும். ஆனால் அடுத்து அரவு (ா) வரும்போது முன்னால் வெளியிட்டதைத் திரும்ப எடுக்க அதற்கு வழியில்லை. ஆகவே "கொ" என்பது க, கொம்பு, அரவு என்று மூன்றாகச் சேமிக்கப்படும். முறையான வடிவம் க-வும் ஒகரக் குறியும் சேர்ந்த இரண்டு. யுனிகோடு இரண்டையும் சமமானவை என்கிறது, திரையிலும் வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லா மென்பொருளும் ஒப்பிடும்போது அதைப் பார்ப்பதில்லை. "கொழும்பு" இரண்டு விதமாக ஒரு தரவுத்தளத்தில் ஏறினால் இரண்டு ஊராகிவிடும். தரவை வாங்கும் இடத்திலேயே என்எஃப்சி என்ற யுனிகோடு முறைக்கு இயல்பாக்கி ஒரே வடிவமாக்கிவிடுங்கள், பெரும்பகுதி தீரும். அரவு முதலிலும் கொம்பு பிறகும் வந்த தலைகீழ் வரிசையை என்எஃப்சி திருத்தாது, அதை விசைப்பலகைதான் தடுக்க வேண்டும்.

கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளில் எழுதுவதே இன்றைக்குப் பொருத்தம் என்பேன். முன்னால் இருப்பதைப் பார்த்து விதி எழுதலாம், நினைவில் மட்டும் இருக்கும் அடையாளம் வைக்கலாம், விண்டோஸ், மெக், லினக்ஸ், அண்ட்ராய்ட் எல்லாவற்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து பொதி கட்டலாம். இலவசம், திறந்த மூலம்.

இனி ஔகாரம். பழைய இயந்திரத்தில் ௌ-வின் பின்பாதிக்கும் ள-வுக்கும் ஒரே விசைதான். யுனிகோடில் அவை வேறு வேறு. உதவி செய்வதாக நினைத்து "கொம்பு, மெய், ள வந்தால் ஔகாரமாக்கு" என்று விதி எழுதினால் பௌத்தாலோக மாவத்தை அழகாக வரும், வெள்ளவத்தை உடைந்துபோகும். விதியை எடுத்துவிட்டால் வெள்ளவத்தை சரி, பௌத்தாலோகவோ ப, கொம்பு, ள என்று மூன்று துண்டாகக் கிடக்கும். அரச இணையத்தளங்களிலும் பத்திரிகைகளிலும் "பெளத்த" என்று ள போட்ட வடிவம் நிறைந்து கிடப்பது இதனால்தான். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு வேறு. விதி எழுதி ஊகிக்க வைக்காமல் ஔகாரத்துக்குத் தனி விசையோ தனித் தொடரோ கொடுக்க வேண்டும். அது எந்த விசை என்று பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும்.

ஸ்ரீயிலும் இதே தொல்லை. ஸ-வில் தொடங்கும் பழைய தொடர் ஒன்று, 2005இல் யுனிகோடு 4.1இல் வந்த ஶ-வில் தொடங்கும் தொடர் ஒன்று. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாகக் காட்டும். நம்மிடையே ஸ்ரீதரன்களும் ஸ்ரீஸ்கந்தராஜாக்களும் எத்தனை பேர்! விசைப்பலகை ஒரு தொடரை மட்டும் தர வேண்டும், எதைத் தருகிறது என்று எழுதி வைக்க வேண்டும். சிங்களத்தில் இலங்கையின் பெயரிலேயே வரும் அதே எழுத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான் குறி வேண்டும். "தெரியாத எழுத்தெல்லாம் குப்பை" என்று இணையப் படிவத்தில் கண்மூடித்தனமாக வடிகட்டினால் சிங்களம் உடையும். தமிழ்ப் பட்டியலைச் சுத்தம் செய்யும் கட்டளையைச் சிங்களப் பட்டியலில் ஓட்டாதீர்கள்.

எல்லாவற்றையும்விட அதிகம் புறக்கணிக்கப்படுவது அழிக்கும் விசை. "கொ" அடிக்க மூன்று அழுத்தம்: கொம்பு, க, அரவு. சேமிப்பில் இரண்டு குறியீடு. அரவு தவறு என்று ஒருமுறை அழித்தால் "கெ" மிஞ்ச வேண்டும். சும்மா விட்டால் முழு ஒகரக் குறியும் போய் க மட்டும் நிற்கும். அடிப்பவர் க-வையும் அழித்து, கொம்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். ஒரு நாள் முழுக்கத் தட்டெழுதுபவருக்கு இது சின்ன விஷயமே இல்லை. கீமேனில் இதற்கு மூன்று விதிகள் போதும்: ஒகரக் குறிக்குப் பின் அழித்தால் ஒற்றைக் கொம்பு, ஓகாரக் குறிக்குப் பின் இரட்டைக் கொம்பு, ஔகாரக் குறிக்குப் பின் ஒற்றைக் கொம்பு. 2024இல் யுனிகோடின் மொழித் தரவுத் தொகுப்பான சிஎல்டிஆர் 45உடன் நிலைபெற்ற யுனிகோடு விசைப்பலகை வடிவத்தில் அழிப்பதற்கென்றே தனி விதிப் பகுதி வைத்திருக்கிறார்கள். நம் மொழிகளின் வலி தெரிந்தவர்கள் அந்த மேசையில் இருந்திருக்கிறார்கள்.

பராமரிப்பு என்று நான் சொல்வது இதுதான்: படத்தை வரைந்து ஒரு தளத்தில் போட்டுவிட்டுப் போவதல்ல, சோதனைக் கோப்பு ஒன்றை உயிரோடு வைத்திருப்பது. சாதாரண உரைக் கோப்பே போதும். ஒவ்வொரு வரியிலும் அழுத்த வேண்டிய விசைகள் வரிசையாக, எதிரே வர வேண்டிய குறியீடுகள். வெள்ளவத்தை, பௌத்தாலோக மாவத்தை, கொட்டாஞ்சேனை, கோட்டை, ஜெயவர்த்தனபுர, ஸ்ரீதரன், மகேசன். பிறகு ஒவ்வொன்றையும் நடுவில் அழித்துத் திரும்ப அடித்து ஒரு தடவை. வேர்ட், எக்செல், குரோமின் தேடல் பெட்டி, வட்ஸ்அப் டெஸ்க்டொப் ஆகிய நான்கிலும் பாருங்கள். கொம்பைப் பிடித்து வைப்பதில் செயலிக்குச் செயலி நடத்தை மாறும். விண்டோஸ் பெரிய அப்டேட் வந்தால் மறுபடி.

விசையின் இடத்தை மட்டும் ஒருபோதும் மாற்றக்கூடாது. உள்ளே வரும் குறியீட்டைத் திருத்தலாம், அழிக்கும் விதியைச் சேர்க்கலாம், பதிப்பு எண்ணை உயர்த்தி என்ன மாறியது என்று எழுதலாம். "இந்த எழுத்து இங்கே இருந்தால் வசதி" என்று ஒன்றை நகர்த்தினால் பம்பலப்பிட்டியில் விற்கும் ஸ்டிக்கர் தாளும் பயிற்சிக் கையேடும் ஆட்களின் விரலும் ஒரே நாளில் பிழையாகிவிடும். ஸ்டிக்கர் தாள் அச்சடிப்பவர்களும் எந்த விசைப்பலகை என்று மேலே பெயர் போடுங்கள். பாமினித் தாளை வாங்கி ஒட்டிவிட்டுத் தமிழ் 99இல் அடிப்பவர் படும் பாடு பெரிது. பிரித்தானியாவிலிருந்து வரும் பழைய மடிக்கணினிகளில் இடது ஷிப்டுக்குப் பக்கத்தில் ஒரு விசை கூடுதலாக இருக்கும். அதில் எந்தத் தமிழ் எழுத்தையும் வைக்காதீர்கள், அமெரிக்க அமைப்பில் அந்த விசையே இல்லை.

அச்சகங்களின் நிலை வேறு. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருளுக்கு யுனிகோடு தெரியாது, அதை வைத்திருக்கும்வரை பாமினியை விடச் சொல்லி எவரையும் குறை கூற முடியாது. இன்டிசைனுக்கு வந்துவிட்டவர்கள் பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசரைத் தெரிவு செய்யுங்கள். அது இல்லாமல் கொம்பு மெய்க்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்துத்தான் பலர் "யுனிகோடு சரிவராது" என்று திரும்பிப் போனார்கள்.

அலுவலகக் கணினி ஒழுங்கு செய்பவர்களுக்கு: மொழிப் பட்டியலில் ஆங்கிலம், சிங்களம், தமிழ், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு விசைப்பலகை. தமிழைச் சேர்த்தவுடன் தானாக வரும் விசைப்பலகையை, ரெங்கநாதனை நிறுவி முடித்த பிறகு நீக்கிவிடுங்கள். கடைசி விசைப்பலகையை நீக்க விண்டோஸ் விடாது என்பதால் இந்த வரிசை முக்கியம். விண்டோஸ் விசையும் இடைவெளி விசையும் சேர்த்து அழுத்தினால் மூன்றே நிறுத்தம் இருக்க வேண்டும். ஆறு இருந்தால் பாதி நாள் தவறான விசைப்பலகையில் அடித்து அழிப்பதிலேயே போகும். புதிய பதிப்பை நிறுவ முன் பழையதை அகற்றி, கணக்கிலிருந்து வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். அப்படிச் செய்யாமல் பழைய விதிகளையே சோதித்துவிட்டு "திருத்தம் வேலை செய்யவில்லை" என்று எழுதுபவர்கள் அதிகம்.

நிரல் எழுதத் தெரிந்த தம்பி தங்கைகள் யாராவது இதை எடுத்துச் செய்ய நினைத்தால் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டாம். இருக்கும் எம்17என் ரெங்கநாதன் கோப்பையும் கீமேன் களஞ்சியத்தையும் முதலில் பாருங்கள். மேலே சொன்ன சொற்களை அடித்து, எது உடைகிறது என்று விசை வரிசையோடு அங்கேயே பதியுங்கள். ஔகாரமும் அழிக்கும் விசையும் முதலில்.