யூவி விளக்கில் மின்னினால் ஓஎல்இடி ஆகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கெமிஸ்ட்ரி ஆட்கள் சிலருக்குக் கோபம்கூட வரலாம்.

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் ஒளிரும் கரிமச் சேர்மங்களைப் பற்றி வரும் ஆய்வேடுகளைப் புரட்டுங்கள். கடைசி அத்தியாயத்தில் அனேகமாக ஒரே வாக்கியம் கண்ணில் படும்: இந்தச் சேர்மங்கள் ஓஎல்இடி, லேசர் போன்ற கருவிகளில் பயன்பட வாய்ப்புள்ளவை. (ஓஎல்இடி என்பது கரண்ட் விட்டால் ஒளிரும் மெல்லிய கரிமப் படலங்களால் ஆன விளக்கு. பல செல்போன் திரைகளில் இருப்பது அதுதான்.) அதற்கு ஆதாரம் ஒரு புகைப்படம். சின்னக் குப்பியில் கரைசல், பக்கத்தில் 365 நானோமீட்டர் யூவி (புற ஊதா) விளக்கு, பச்சையோ நீலமோ பளிச்சென்று மின்னுகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் படத்தை வைத்து அந்த வாக்கியத்தை எழுத முடியாது என்பது என் கட்சி. மாவு பொங்கியதைப் பார்த்துவிட்டு, இட்லி மல்லிகைப்பூ மாதிரி வந்தது என்று எழுதிக் கொடுக்கிற கதை இது.

நானும் இந்தப் பக்கம் கெமிஸ்ட்ரி நடத்துகிற ஆள்தான். வைவாவில் "தம்பி, இதில் கரண்ட் விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டால் பையன் கைடைப் பார்ப்பான், கைடு கடிகாரத்தைப் பார்ப்பார்.

வெளிச்சம் பட்டால் மூலக்கூறு நேராக சிங்லெட் என்கிற ஆற்றல் கூடிய நிலைக்கு ஏறும், அங்கிருந்து ஒளியை உமிழ்ந்துவிட்டு இறங்கும். கரண்ட் விடும்போது நடப்பது வேறு. ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரானும் மறுபக்கத்திலிருந்து ஹோலும் (எலக்ட்ரான் இல்லாத காலியிடம்) வந்து ஒரே மூலக்கூறில் சேர வேண்டும். சேரும்போது எலக்ட்ரான்களின் ஸ்பின் (தற்சுழற்சி) கணக்குப்படி நாலில் ஒன்றுதான் சிங்லெட், மீதி மூன்று டிரிப்லெட் என்கிற இன்னொரு வகை நிலை. சாதாரணக் கரிமச் சேர்மத்தில் டிரிப்லெட் ஒளி தராது, வெப்பமாகக் கரைந்துவிடும். அதனால் யூவியில் நூற்றுக்குத் தொண்ணூறு ஒளிர்கிற சரக்குகூட கரண்டில் பொதுவாகக் கால்வாசியைத் தாண்டாது. வீணாகும் அந்த முக்கால் பங்கை மீட்கத்தான் இவ்வளவு பாடும். அமெரிக்காவில் ஃபாரஸ்ட், தாம்ப்சன் குழுவினர் 1998இல் பிளாட்டினம் சேர்மத்தையும் அடுத்த வருஷமே இரிடியம் சேர்மத்தையும் வைத்து டிரிப்லெட்டிலிருந்தே ஒளியை எடுத்தார்கள். 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவினர் கன உலோகமே இல்லாமல் அதைச் செய்தார்கள். இரண்டு நிலைகளுக்கும் நடுவில் இருக்கும் ஆற்றல் இடைவெளியை மிகச் சிறியதாக்கிவிட்டால், அறை வெப்பமே டிரிப்லெட்டை சிங்லெட்டுக்கு ஏற்றிவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கெல்லாம் முந்தைய கதை. 1987இல் கோடாக் நிறுவனத்தில் டாங், வான் ஸ்லைக் இருவரும் செய்த முதல் உருப்படியான ஓஎல்இடியில் ஒளிர்ந்த சேர்மம் எது தெரியுமா? அலுமினியம் ஆக்சினேட். எம்எஸ்சி பிராக்டிகலில் அலுமினியத்தை மதிப்பிட நாம் வீழ்படிவாக்கி, வடிகட்டி, எடை போடுகிற அதே மஞ்சள் பொடி! புது மூலக்கூறு ஒன்றும் கிடையாது. 1960களில் ஆந்த்ரசீன் படிகத்தை ஒளிர வைக்க நூற்றுக்கணக்கான வோல்ட் தேவைப்பட்டது. இவர்கள் ஹோலுக்கு ஒரு அடுக்கு, எலக்ட்ரானுக்கு ஒரு அடுக்கு என்று இரண்டு மெல்லிய படலங்களை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படிய வைத்து, பத்து வோல்ட்டுக்குள் வேலையை முடித்தார்கள். இரண்டு அடுக்கும் சேர்ந்தே 150 நானோமீட்டர்கூட வராது. சாதனை முழுக்க அந்த அடுக்கில்தான் இருந்தது. நாமோ இன்றுவரை பென்சீன் வளையத்தில் மெத்தாக்சி தொகுதியை எடுத்துவிட்டு நைட்ரோ தொகுதியைப் போட்டுப் புதுச் சேர்மம் என்று கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம். (நைட்ரோ போட்டால் பெரும்பாலும் ஒளிர்வே செத்துப்போகும் என்பது தனிச் சோகம்.)

அப்புறம் ஆயுள். செல்போன் திரையில் சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியம் வகைச் சேர்மங்கள் எப்போதோ வந்துவிட்டன, நீலம் மட்டும் இத்தனை வருஷமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. நீல ஒளிக்குத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 2.7 எலக்ட்ரான் வோல்ட். அவ்வளவு ஆற்றலோடு டிரிப்லெட்டுகள் கூட்டமாகக் காத்திருந்தால், ஒன்றோடொன்று மோதி மூலக்கூறின் பிணைப்பையே உடைத்துவிடும். சரக்கின் சுத்தமும் இங்கேதான் கழுத்தைப் பிடிக்கிறது. வளையங்களை இணைக்கும் சுசூகி வினையில் மிஞ்சிய வினையூக்கிப் பல்லேடியம், வினைபடாமல் தங்கிய புரோமோ சேர்மம் இவையெல்லாம் என்எம்ஆர் சோதனையில் தெரியாத அளவு இருந்தாலே ஆயுள் குறையும். சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் (column) ஓட்டிப் பிரித்து எடுத்தது போதாது, வெற்றிடத்தில் பதங்கமாக்கியும் (திடத்தை நேராக ஆவியாக்கிப் படிய வைத்தும்) எடுக்க வேண்டும். நம் கடலோரக் காற்றில் இருக்கும் ஈரத்துக்குத் தனியாக ஒரு பதிவே போடலாம். நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்கு வெளியே, மூடி ஒட்டாமல் வைத்த கருவியில் கரும்புள்ளி விழ ரொம்ப நேரம் ஆகாது.

லேசர் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் இன்னும் ஆச்சரியம். வேறொரு லேசரின் ஒளியைப் பாய்ச்சி, கரிமப் படலத்திலிருந்து லேசர் எடுப்பது 1996லேயே நடந்தது. கரண்ட் கொடுத்து எடுப்பதுதான் மலை. அதற்கு ஓஎல்இடியை விடப் பல மடங்கு கரண்ட் வேண்டும். அந்தக் கரண்டில் படலம் சூடாகும், தேங்கும் டிரிப்லெட்டுகள் வருகிற ஒளியையே விழுங்கும். 2000இல் பெல் ஆய்வகத்தின் ஷோன் இதைச் சாதித்துவிட்டதாக ஒரு கட்டுரை வந்தது. 2002இல் விசாரணைக் குழு அவருடைய தரவுகளில் மோசடி இருப்பதைக் கண்டுபிடித்தது, கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. 2019இல் அடாச்சி குழு உண்மையிலேயே நெருங்கியபோது, அதற்கான அறிகுறி தெரிகிறது என்ற அளவில்தான் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தது. 2023இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தார் சுற்றுவழியாகப் போனார்கள்: கரண்ட் ஓஎல்இடிக்கு மட்டும், அதன் ஒளி பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேசர் படலத்துக்கு. இவ்வளவு பேர் இவ்வளவு கவனமாகப் போகிற பாதையில் நாம் ஒரு குப்பிப் படத்தோடு "லேசருக்கு ஏற்றது" என்று முடித்துவிடுகிறோம்.

"காசு யார் கொடுப்பது சார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். வெற்றிடப் படிவுக் கருவியும் நைட்ரஜன் பெட்டியும் ஒரு கல்லூரி வாங்குகிற விலையில் இல்லை. ஆனால் காலாப்பட்டில் ஒரு பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் ஒரு பல்கலைக்கழகம், நடுவில் இத்தனை கல்லூரிகள். பஸ்ஸில் போனாலும் ஒரு காலைப்பொழுது. எல்லோருக்கும் பொதுவாக ஒரே ஒரு கருவிக்கூடம் கேட்டு வாங்கக் கூடாதா? தனித்தனியாக ஸ்பெக்ட்ரோமீட்டர் வாங்கிப் பூட்டி வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்.

அது வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். கரைசலை விட்டுவிட்டுப் படலமாக அளந்து பாருங்கள். கரைசலில் ஜொலித்த பல சேர்மங்கள் நெருங்கி அடுக்கியதும் அணைந்துவிடும். அதே கரைசலில் நைட்ரஜனைக் குமிழியிட்டு ஆக்சிஜனைத் துரத்திவிட்டு மறுபடி அளந்தால், டிரிப்லெட்டுக்கு இதில் பங்கு இருக்கிறதா என்று ஓரளவு பிடிபடும். செலவு ஒரு நைட்ரஜன் சிலிண்டர். லேசர் ஆசை இருந்தால் இயற்பியல் துறைக் கதவைத் தட்டுங்கள். படிகம் வளர்க்கிற ஆய்வகங்கள் சிலவற்றில் குர்ட்ஸ்-பெர்ரி சோதனைக்காக (படிகப் பொடி லேசர் ஒளியின் அதிர்வெண்ணை இரட்டிப்பாக்குகிறதா என்று பார்ப்பது) என்டி-யாக் என்கிற வகை லேசர் இருக்கும். அதில் 355 நானோமீட்டர் ஒளி எடுக்க வசதி இருந்தால், அதைக் கோடு மாதிரிக் குவித்துப் படலத்தில் அடித்து, ஓரத்திலிருந்து வரும் ஒளியை அளக்கலாம். ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போகும்போது அகலமாக இருந்த நிறமாலை ஒரு கட்டத்தில் சட்டென்று ஒல்லியானால், படலம் ஒளியைப் பெருக்குகிறது என்று அர்த்தம். அப்போது லேசர் என்ற சொல்லை ஆய்வேட்டில் எழுதக் கொஞ்சம் உரிமை வரும். ஒல்லியாகவில்லையா, அதையும் எழுதுங்கள். பின்னால் வருகிறவனுக்கு ஒரு வருஷம் மிச்சம்.

இதெல்லாம் தொழிலாக வளர்ந்தால் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நல்லதுதானே என்று ஒரு நண்பர் கேட்டார். கரைப்பான் நாற்றத்தை உப்பனாற்றங்கரை ஊர்க்காரர்கள் ஏற்கெனவே போதுமான அளவு சுவாசித்துவிட்டார்கள். கழிவுக் கணக்கை முதலில் மேஜையில் வைத்தால் பேசலாம் என்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 355 வசதியோடு என்டி-யாக் வைத்திருக்கும் இயற்பியல் ஆசிரியர் யாராவது இதைப் படித்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகள் கார்பசோல் (நைட்ரஜன் உள்ள ஒரு வளைய மூலக்கூறு) வகையில் ஆறேழு சேர்மம் செய்து வைத்திருக்கிறார்கள். பதங்கமாக்கிச் சுத்தம் செய்து, கண்ணாடியில் படலமாகப் போட்டு நாங்களே எடுத்து வருகிறோம். ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் போதும்.