இரண்டு கைகளால் திறக்கிற கத்தி போதும்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் கத்திப் பிரியர்கள் சிலர் ஒரு வட்டமாகப் பழகி வருகிறோம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று ஆளுக்கொரு ஊர். எங்காவது டீக்கடையில் கூடினால், டீ வருவதற்கு முன்பே அவரவர் சட்டைப்பையிலும் மடியிலும் அன்றாடம் வைத்திருக்கும் கத்திகள் மேசைக்கு வந்துவிடும். எடுத்துப் பார்ப்பதும், கூர் சோதிப்பதும், பிடியின் மரத்தைத் தடவிப் பார்ப்பதும், படம் எடுப்பதும் எங்களுக்கு ஒரு சுகம். கடைக்காரர் பழகிவிட்டார். புதிதாக வருகிறவர்கள்தான் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள்.

அப்படித் தள்ளி உட்கார அண்மைக் காலமாக நியாயமும் இருக்கிறது. இளைஞர்கள் சிலர் கொண்டுவரும் கத்திகள் வேறு ரகம். கறுப்புப் பூச்சுப் பூசிய அலகு, பிடியில் மண்டையோடு, பெருவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் சொடுக்கென்று விரிந்து பூட்டிக்கொள்கிறது. ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்தச் சத்தத்துக்காகவே பத்து முறை திறந்து மூடுகிறார்கள். என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: சட்டைப்பைக் கத்திக்கு வேகம் ஒரு குறை. இரண்டு கைகளால், நிதானமாக, நகத்தை மாட்டித் திறக்கிற பழைய மடக்குக் கத்திதான் மனிதர்கள் நடமாடும் இடத்தில் வைத்திருக்கத் தக்கது.

பழைய பேனாக்கத்தி இயங்கும் விதம் தெரிந்தால் நான் சொல்வது புரியும். அலகின் மேல்விளிம்போரம் ஒரு சிறு நகக்குழி இருக்கும். அதில் நகத்தை வைத்து இழுத்தால் அலகு வெளியே வரும். பிடியின் முதுகில் ஒரு தட்டையான வில்லிரும்பு நீளவாக்கில் ஓடுகிறது. அது அலகின் அடிப்பகுதியை அழுத்திக்கொண்டே இருக்கும். மூடினால் மூடிய நிலையிலும், திறந்தால் திறந்த நிலையிலும் அலகை நிறுத்தி வைப்பது அந்த அழுத்தம் மட்டுமே. பூட்டு கிடையாது. முதுகுப் பக்கமாக அழுத்தினால் அலகு மடங்கிவிடும். வெட்டும்போது விசை எதிர்ப்பக்கம் போவதால் மடங்காது. ஆனால் ஒருவன் கோபத்தில் அதை எடுத்துக் குத்தப் போனால், முதலில் அறுபடுவது அவனுடைய விரலாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்தக் கத்தியைச் சண்டைக்கு உதவாததாக ஆக்குவது அதன் அமைப்பே.

இங்கிலாந்துச் சட்டம் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டது. அங்கே 1988-ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டப்படி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைக் காரணம் எதுவும் சொல்லாமலே பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டு இருந்தால் அளவு சிறியதாக இருந்தாலும் தக்க காரணம் காட்ட வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்குக் கத்தியைப் பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் சட்டம் சொல்லாமலே இது வழக்கமாக இருந்தது. முறுக்கான், அதாவது வெற்றிலை பாக்கு, போடும் பாட்டாமார் யாரைக் கேட்டாலும் மடியில் ஒரு பிச்சாத்தி இருந்தது என்பார்கள். பச்சைப்பாக்கின் தோலைச் சுரண்டவும், புகையிலையை நறுக்கவும், சுண்ணாம்பைத் தோண்டி எடுக்கவும், இடையில் பல் குத்த ஈர்க்கு சீவவும் அதே கத்திதான். அலகு தேய்ந்து தேய்ந்து பாதி அகலமாகி இருக்கும். அந்தத் தேய்மானத்தைத்தான் நான் அழகு என்பேன். கண்ணாடிப் பெட்டியில் வைத்த புத்தம்புதுக் கத்தியின் படத்துக்கு எங்கள் வட்டத்தில் பாராட்டுகள் குவிகின்றன. வாழைக்கறை படிந்து கறுத்த அலகைக் காட்டினால் 'துடைக்கக் கூடாதா' என்று கேட்கிறார்கள்.

குலசேகரம் பக்கத்து ரப்பர் நாற்றுப்பண்ணை ஒன்றில் ஒட்டுக் கட்டும் ஓர் அக்காவின் கத்தியை ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். மடக்கக்கூடிய ஒட்டுக்கத்தி. ஒரு முனையில் அலகு, மறுமுனையில் பட்டையை நெம்பித் தூக்கத் தட்டையான ஒரு நாக்கு. நாற்றின் தண்டில் சிறு சன்னல் போல் பட்டையைக் கீறி, நல்ல ரகத்தின் மொட்டோடு கூடிய பட்டைத் துண்டை அதில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் சுற்றிக் கட்டுகிறார்கள். சுமார் 3 வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் ஒட்டியதா இல்லையா என்பது தெரியும். கூர் கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் பட்டை கசங்கிவிடும், மொட்டுப் பிடிக்காது. அந்த அக்கா கத்தியைத் திறப்பதற்கு இரண்டு கைகளையும்தான் பயன்படுத்தினார். வேலையை முடித்ததும் துணியில் துடைத்து, மடக்கி, சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். நாள் முழுக்கக் கத்தியால் பிழைக்கிறவருக்கே அரை நொடி மிச்சம் பிடிக்கும் அவசரம் இல்லை. கணினியின் முன் உட்கார்ந்து வேலை செய்கிற நம் நண்பர்களுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

இதற்குக் கடியப்பட்டணத்து நண்பர் ஒருவர் எதிர்வாதம் வைத்தார். ஒரு கை வலையையோ கயிற்றையோ பிடித்திருக்கும்போது, படகு ஆடும்போது, இரண்டு கைகளால் கத்தி திறக்க முடியுமா என்று கேட்டார். முடியாது. கால் கயிற்றில் சிக்கினால் அங்கே நொடியும் முக்கியம்தான். ஆனால் அவரே ஒப்புக்கொண்டபடி, கடலுக்குப் போகிறவர்கள் மடக்குக் கத்தியை நம்புவதில்லை. கைக்கெட்டும் இடத்தில் உறையிலோ பலகை இடுக்கிலோ மடக்காத சிறு கத்தி ஒன்று இருக்கும். ஆகவே, அவசரம் உள்ள இடத்துக்கு மடங்காத கத்தி, அவசரம் இல்லாத இடத்துக்கு மெதுவான மடக்குக் கத்தி. சொடுக்குக் கத்திக்கு இரண்டிலும் இடம் இல்லை.

பெரிய வேலைக்கும் இதே கணக்குத்தான். ஏத்தன்குலையில் சீப்பு சீப்பாக அறுப்பது, தோவாளைப் பூக்கட்டின் வாழைநாரை அறுப்பது, உரச்சாக்கின் தையலைப் பிரிப்பது, செங்கவருக்கை மாம்பழத்தைக் கீற்றாக்குவது எல்லாம் மூன்று அங்குல அலகுக்குள் அடங்கும். மட்டிப்பழத்துக்குக் கத்தியே வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பிறகும் அதன் தோல் அப்படியே மெல்லியதாகத்தான் இருக்கிறது. சக்கைப்பழம் (பலாப்பழம்) என்றால் எந்தச் சட்டைப்பைக் கத்தியும் வெட்டோத்தி என்ற வெட்டரிவாளிடம் ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

கத்தியை மடியில் வைத்திருந்ததற்கு வேலை மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. இரும்பு கையில் இருந்தால் இசக்கி அண்டாது என்ற நம்பிக்கை நம் பக்கத்தில் வலுவானது. இராத்திரியில் தனியாகப் போகிறவனிடம் அழகான பெண்ணுருவில் வந்து சுண்ணாம்பு கேட்கும் யட்சிக்கு, கையால் கொடுக்காமல் கத்தி நுனியில் வைத்து நீட்ட வேண்டும் என்று கதை சொல்வார்கள். எனக்கு இந்த நம்பிக்கை இல்லை. ஆனால் இந்தக் கதையில்கூடக் கத்தி நீட்டப்படுவது சுண்ணாம்பு கொடுக்கத்தான் என்பதை நம் சொடுக்குக் கத்தி இளைஞர்கள் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கத்திகள்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் 1890-இல் ஜோசப் ஓபினெல் வடிவமைத்த மரப்பிடிக் கத்தியை நானும் வைத்திருக்கிறேன். உழவர்களுக்காகச் செய்த கத்தி, அதனால் பகட்டே இல்லாதது. அதன் கழுத்தில் உள்ள பூட்டு வளையம் 1955-இல்தான் வந்தது. அதையும் கையால் சுற்றித்தான் பூட்ட வேண்டும் என்பதால் மன்னித்துவிடுகிறேன். ஒரே தொல்லை, இடவப்பாதி மழை தொடங்கினால் பிடியின் மரம் ஈரம் குடித்து ஊதிக்கொள்ளும், அலகு உள்ளே இறுகிவிடும். நகக்குழியைப் பிடித்து இழுத்து நகம் உடைந்தவர்கள் உண்டு. சவோய்க்காரர்கள் பிடியின் அடிப்பகுதியைக் கடினமான இடத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்கள், அலகின் முனை தானாக எட்டிப் பார்க்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டத்தில் இருக்கிறோம். இந்தத் தட்டு தெரியாமல் யாரும் அந்தக் கத்தியை வாங்க வேண்டாம்.

சுவிட்சர்லாந்தின் சிவப்புக் கத்தியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 1891-இல் ராணுவத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கிய கார்ல் எல்சனர் 1897-இல் உருவாக்கியது. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் கொண்டுவந்து, நம் வீடுகளின் மேசை இழுப்பறைகளில் தூங்குகிறது. அதை உருவாக்கும் விக்டோரினாக்ஸ் நிறுவனம், பல நாடுகளில் கத்திக் கட்டுப்பாடுகள் இறுகுவதால் அலகே இல்லாத பையடக்கக் கருவியை உருவாக்கி வருவதாக 2024-இல் அறிவித்தது. கத்தி இல்லாத கத்தி! படித்தபோது சிரிப்பு வந்தது. சொடுக்கிக் காட்டுகிறவர்களால் ஆப்பிள் நறுக்குகிறவனின் கத்தி பறிபோகிறதே என்று அப்புறம் எரிச்சலும் வந்தது.

ஜப்பானில் இது முன்பே நடந்தது. மிக்கி நகரத்துக் கொல்லர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கிய ஹிகோனோகாமி என்ற மடக்குக் கத்தி ஒரு காலத்தில் அங்கே பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் சீவும் கத்தி. 1960-ஐ ஒட்டிப் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் கிளம்பியது. பட்டறைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிட்டன.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன், ஏனென்றால் புதிதாகச் சேர்கிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 1962-இல் வந்த விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைத்தன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றை விலக்கின. ஒன்பது அங்குலம் என்பது என் கருத்தில் மிகத் தாராளம். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு எட்டரை அங்குலக் கத்தியோடு பஸ்ஸில் ஏறுகிறவனுக்காக நான் வாதாட மாட்டேன். திருவனந்தபுரம் போய் விமானம் ஏறுகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காமல், ஏற்றி அனுப்பும் பெட்டியில் வைத்துவிடுங்கள். திருவிழாக் கூட்டத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். ஒரு கட்டடத்தின் வாசலில் காவலர் ஒருவர் என் பேனாக்கத்தியைப் பார்த்துவிட்டு, 'சார், இதில் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டார். நகக்குழியில் நகத்தை மாட்டி மெதுவாகத் திறந்து காட்டினேன். அவர் முகத்தில் இருந்த இறுக்கம் போய்விட்டது. சொடுக்கித் திறந்திருந்தால் அன்று காவல் நிலையம்தான்.

எந்த இரும்பு நல்லது என்ற சண்டை எங்களுக்குள் ஓயாது. கடலோரத்தில் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள், உப்புக்காற்று கார்பன் இரும்பை விட்டுவைக்காது. உள்நாட்டில், தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்குக் கார்பன் இரும்புதான் என் தேர்வு. எளிதில் தீட்டலாம், கூர் ஏறுவது கையிலேயே தெரியும். மாங்காயும் வாழைக்காயும் நறுக்கினால் அவற்றின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து அலகை நீலம் கலந்த கறுப்பாக்கும். அந்தக் கறுப்பு துரு ஆகாது, இன்னும் சொன்னால் துருவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கும். துடைத்துவிட்டு இரண்டு துளி தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தீட்டுவதில் யாரிடமாவது பாடம் கேட்க வேண்டுமென்றால் பனையேறிகளிடம் கேளுங்கள். மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவிப் பாளை அரிவாளைத் தீட்டுகிற அவர்களுடைய கூருக்கு முன்னால் நம் விலையுயர்ந்த கற்களெல்லாம் விளையாட்டுச் சாமான். பாளையை மெல்லிய ஏடாகச் சீவாவிட்டால் அக்கானி (பதநீர்) இறங்காது என்பதால் அவர்களுக்கு அது பிழைப்பு.

இவ்வளவு பேசிவிட்டு நாமே ஏன் ஒன்று செய்யக் கூடாது என்று தோன்றியது. நம் கொல்லர் பட்டறைகளில் வெட்டோத்தியும் மண்வெட்டியும் அருமையாக வருகின்றன. மடக்குக் கத்தி என்றால் பின்வாங்குகிறார்கள். முதுகு வில்லைச் சரியான பதத்தில் கொண்டுவருவது தனி வேலை, பிசகினால் ஒன்று ஒடியும், இல்லையென்றால் தளரும். ஆனால் ஹிகோனோகாமியில் வில்லே கிடையாது. அலகின் வாலைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் ஊர்ப் பழைய சவரக்கத்தியும் ஏறக்குறைய இதே தத்துவம். ஓர் ஆணி, இரண்டு பக்கமும் பிடி, நடுவே இறுக்கமாகத் திரும்பும் அலகு. படம் வரைந்து எடுத்துக்கொண்டு போய் ஒரு கொல்லரிடம் காட்டினேன். லாரி வில்பட்டையில் அலகு அடித்துத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். "பூட்டு வேண்டாமா?" என்று இரண்டு தடவை கேட்டார். வேண்டாம் என்றேன்.

பிடிக்குப் பனை வைரமா, பலாவா என்று முடிவு செய்து சொல்ல வேண்டும். பனையின் கறுப்பு வரிகள் பார்க்க அழகு, ஆனால் சிலாம்பு கிளம்பிக் கையில் குத்தும் என்று பயமாக இருக்கிறது. பலா வழவழப்பாக வரும், மழையில் ஊதுமோ என்பது இன்னொரு பயம். இரண்டையும் கையாண்டவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமைக்குள் அவருக்குப் பதில் கொடுக்க வேண்டும்.