ஏழு கட்டத்துக்குள் ஒரு வாள்

இரண்டு வருடமாகச் சனிக்கிழமை இரவுகளில் நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரு வேலை பார்த்து வருகிறோம். 1987 டிசம்பரில் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்த முதல் ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டைத் தமிழில் ஆட வைக்கும் வேலை. நிரலைப் பிரித்து மேய்பவர் இங்கே சிங்கப்பூரில், ஜூரோங்கில் இருக்கும் நண்பர். பிழை பார்ப்பவர் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா. எழுத்து வரைவதும் பெயர் வைப்பதும் என் பொறுப்பு. விளையாட்டை நாங்கள் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. மாற்றிய பைட்டுகள் மட்டும் இருக்கும் ஒரு சிறிய பேட்ச் கோப்பைத்தான் தருவோம். மூல விளையாட்டு அதை உருவாக்கியவர்களுடையது, அதில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

வசனங்கள் முடிந்துவிட்டன. ஊர்ப் பெயர்கள் முடிந்துவிட்டன. நாற்பது ஆயுதங்களின் பெயரில்தான் எட்டு மாதமாக நிற்கிறோம். "வெறும் பேர்தானே, அதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்த நீளமான பதிவு.

முதலில் இடத்தின் நெருக்கடியைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவிக்கு ஓர் எழுத்து என்பது எட்டுப் புள்ளி அகலம், எட்டுப் புள்ளி உயரமுள்ள ஒரு கட்டம். ஆயுதப் பெயருக்கு மொத்தம் ஏழு கட்டம். வாளா, கத்தியா, கோடரியா என்று காட்டும் குட்டிப் படம் வைத்தால் அதுவும் அந்த ஏழுக்குள்தான் வர வேண்டும். 1990இல் அமெரிக்காவில் வந்த ஆங்கிலப் பதிப்பே இதில் மாட்டிக்கொண்டது. மாசமுனே என்ற வாளின் பெயரில் நடுவே இருந்த A எழுத்தைப் பிடுங்கி 'மாஸ்முனே' ஆக்கினார்கள். எக்ஸ்காலிபருக்கு முதல் எழுத்தே போய்விட்டது. சிமிட்டார், ஃபால்ச்சியன் என்ற வாள்களில் ஆளுக்கோர் I எழுத்தைக் காணோம். 26 எழுத்து வைத்திருக்கும் மொழிக்கே இந்தக் கதி என்றால் 247 எழுத்துக்கு என்ன செய்வது?

பழைய தட்டச்சுப்பொறி செய்த வேலையைத்தான் நாங்களும் செய்தோம். கால், கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரச் சங்கிலி நான்குக்கும் தனித்தனிக் கட்டம். 18 மெய்க்கும் அகரம், இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் என்று ஐந்து வடிவம், ஆக 90. உயிரெழுத்தில் ஔவை ஒ, ள என்று பிரித்துவிட்டால் 11 போதும். ஆய்தம் ஒன்று. மீதி இருந்த பெரிய தலைவலி புள்ளி. புள்ளி வைத்த 18 எழுத்துக்கும் தனிக் கட்டம் கொடுத்தால் இடம் போதாது.

இதற்கான வழி ஜப்பானிய எழுத்திலிருந்தே கிடைத்தது. அவர்கள் சில எழுத்துகளின் ஒலியை மாற்ற அவற்றின் தோளில் இரண்டு சின்னக் கோடு போடுவார்கள், தகுதென் என்று பெயர். அந்தக் காலத்து விளையாட்டுகள் சிலவற்றில் அந்தக் கோடு எழுத்தோடு சேர்ந்து வராது, மேல் வரியில் ஒரு தனிக் கட்டமாக உட்காரும். பட்டியலில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் அந்த மேல் வரி காலியாகவே இருக்கும். நண்பர் இதை விளக்கியதும் அக்கா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "அப்போ நம்ம புள்ளியும் அங்கேயே உட்காரலாமே" என்றார். உட்கார்ந்தது. பதினெட்டுக்குப் பதில் ஒரே ஒரு கட்டம். மொத்தம் 107 வடிவத்தில் தமிழ் அடங்கிவிட்டது. அன்று இரவு திரையில் முதல்முறையாக 'வாள்' என்று வந்தபோது, ளகரத்தின் தலைக்கு மேலே அந்த ஒற்றைப் புள்ளி தனியாக மினுங்கியதை நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மூன்று சுழி ண மட்டும் எட்டுப் புள்ளி அகலத்துக்குள் வரவே மாட்டேன் என்றது. இரண்டு சுழியாகச் சுருக்கினால் ன ஆகிவிடும். அதற்கு மட்டும் இரண்டு கட்டம் கொடுத்துவிட்டோம்.

சரி, இனி பெயருக்கு வருகிறேன்.

முதல் வரைவில் நான் ஒரு தப்பு செய்தேன். விளையாட்டில் வரும் கொனேரியா ஊர்க் கடையில் ஐந்து ஆயுதம்தான் விற்பார்கள்: ஒரு சின்னக் கத்தி, மரத்தடி, மரத்தில் செய்த நன்சாக்கு, ரேப்பியர் என்ற மெல்லிய வாள், இரும்புச் சுத்தியல். கத்திக்கு நான் 'சுரிகை' என்று வைத்திருந்தேன். நல்ல பழைய சொல், நாலே கட்டம், பார்க்கவும் அழகாக இருந்தது. சோதித்துப் பார்க்க அக்கா மகனை உட்கார வைத்தேன். (இது என் சொந்த அக்கா, அவனுக்குப் பதினான்கு வயது, ஈசூனில் படிக்கிறான்.) கடைக்குள் போனான். பட்டியலை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டினான். வீரனுக்குச் சுத்தியல் வாங்கினான். சுரிகை மேல் அம்புக்குறி ஒரு நொடி நின்றது, அப்புறம் நகர்ந்துவிட்டது. மந்திரவாதியை வெறுங்கையோடு ஊருக்கு வெளியே அனுப்பினான். முதல் சண்டையிலேயே ஆள் காலி.

"மாமா, சுரிகைன்னா என்ன? சுருக்குப் பை மாதிரியா?"

அன்றைக்கே அதைத் தூக்கிவிட்டு 'சிறு' என்று எழுதி, பக்கத்தில் கத்திப் படத்தை வைத்தேன். மூன்று கட்டம். அடுத்த முறை அவன் யோசிக்கவே இல்லை, வாங்கிவிட்டான். பையன் தமிழில் மோசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் மேடையேறிப் பேசியவன். ஆனால் மேடைக்காகவோ தேர்வுக்காகவோ இல்லாமல், தனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும் என்பதற்காகத் தமிழைப் படிக்கும் வாய்ப்பு இந்த ஊரில் வளரும் பிள்ளைகளுக்கு எத்தனை தடவை கிடைக்கிறது? இந்த விளையாட்டில் ஓர் இரவுக்கு நூறு தடவை 'தாக்கு' என்று படிப்பான். எதை வாங்குவது, எதை விற்பது, எதைக் கையில் எடுப்பது என்று தமிழில் முடிவெடுப்பான். அந்த இடத்தில் நான் அகராதியைக் குறுக்கே வைக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்து ஆட்களிடமும் எனக்குச் சண்டை உண்டு. 'லாங் ஸ்வார்ட்' என்று அப்படியே எழுதிவிட்டுப் போகச் சொல்கிறார்கள். நீளம் என்ற சொல் இருக்கிறது, வாள் என்ற சொல் இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதுவதற்கு, 107 வடிவத்தை ஒவ்வொரு புள்ளியாக நான் வரைந்திருக்கத் தேவையே இல்லை.

படத்தைப் பற்றிப் பேசும்போது ஒற்று விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தில் 'அயர்ன்' என்று எழுதிச் சுத்தியல் படத்தை வைத்தால் முடிந்தது. தமிழில் இரும்பு என்று எழுதிப் பக்கத்தில் படம் வைத்தால், நடுவில் ஒற்று வருமா வராதா? சுத்தியல் என்றால் இரும்புச், தடி என்றால் இரும்புத். படம் எழுத்தே இல்லை, அதற்கு எதற்கு ஒற்று என்றார் நண்பர். அக்காவும் முதலில் அவர் பக்கம்தான். நான் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டினேன். 'வெள்ளி' என்று நின்றுவிட்டால் அது ஒரு சொல், பக்கத்தில் ஒரு படம், அவ்வளவுதான். 'வெள்ளிச்' என்று போட்டுப் பாருங்கள், நாக்கு சும்மா இருக்காது. சுத்தியல் என்று தானாகச் சொல்லிவிடும். படம் வாயைத் திறந்து பேசுகிறது! வேறு எந்த மொழிபெயர்ப்பிலும் இதை நான் பார்த்ததில்லை. அதற்காக ஒவ்வொரு பெயரிலும் ஒரு கட்டம் செலவானாலும் பரவாயில்லை என்று பிடிவாதமாக நின்றேன், நின்று ஜெயித்தேன்.

அப்புறம், பெரிய பெயர் வைக்கும் ஆசை. நண்பர்கள் பலரும் அனுப்பிய பட்டியலில் பாதி வீரவாள், வெற்றிவாள், பிரம்மாஸ்திரம். ஐந்து காசுக் கத்திக்குக்கூட அடைமொழி. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். அங்கே ஆயுதங்கள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன. அதியமானுடையவையோ குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். ஔவை யாரைப் பெருமைப்படுத்தினார் என்பது நமக்குத் தெரியும். நாற்பதில் முப்பதுக்கு மேல் புழங்கும் ஆயுதம். அதற்குப் புழங்கும் பெயர் போதும். வளைந்த சிமிட்டாருக்கு 'வளை' என்று எழுதி வாள் படம். தீ வாள், பனி வாள். காயம் ஆற்றும் தடிக்கு 'மருந்துத்' என்று போட்டுத் தடிப் படம். மந்திரவாதி அதைச் சண்டையில் எடுத்து நீட்டினாலே எல்லோருக்கும் உயிர் ஏறும். பெயரைப் படித்ததும் அது புரிந்துவிடுகிறது.

ஃபால்ச்சியனுக்கு 'பாராங்' என்று வைத்திருக்கிறேன். இதில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம், அரிவாள் என்று வைக்கலாமே என்கிறார். அரிவாள் மூக்கு வளைந்தது. ஃபால்ச்சியன் அகலமான அலகு, ஒரு பக்கம் மட்டும் கூர், வெட்டுவதற்கென்றே கனமாகச் செய்தது. அப்பா தேங்காய் வெட்ட வைத்திருந்த பாராங்கும் அப்படியேதான் இருந்தது. 'பாராங்கை எடுத்துட்டு வா' என்று அவர் கூப்பிட்டால், மலாயில் பேசுகிறார் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை. எங்கள் வீட்டுத் தமிழில் அது அத்தனை காலமாக இருக்கிறது. சிங்கப்பூரில் செய்யும் தமிழ்ப் பதிப்பில் அந்தச் சொல் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. டிராகனும் அப்படியே. இங்கே டிராகன் படகு ஓட்டாத பள்ளிப்பிள்ளைகூட டிராகன் என்றால் நாகம் என்று நினைக்காது.

வேல் பற்றித்தான் பெரிய வாக்குவாதம். இந்த விளையாட்டின் மூலப் பதிப்பில் நாற்பது ஆயுதத்தில் ஓர் ஈட்டிகூடக் கிடையாது. தமிழனுக்கு அது உறுத்தத்தான் செய்யும். அதனால் கடைசியில் கிடைக்கும் மாசமுனேயை எடுத்துவிட்டு 'வேல்' வைப்போம் என்றார் நண்பர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை அம்மாவோடு நடந்தவன் நான். விற்றால் எத்தனை காசு என்று பக்கத்தில் எண் போட்டுக் காட்டும் பட்டியலில் வேலை வைக்க என் கை வரவில்லை. அது என் மனசு, சட்டம் இல்லை. ஆனால் இன்னொரு காரணமும் உண்டு. மாசமுனே ஓர் ஆளின் பெயர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலும் பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜப்பானில் வாழ்ந்த கொல்லர். வேல் வடித்துக் கொடுப்பது கொல்லனுக்குக் கடன் என்று புறநானூறு சொல்லும் மொழியில், ஒரு கொல்லனின் பெயரை அழித்துவிட்டு நம் பெருமையை எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எண்ணிப் பார்த்தால், மாசமுனே தமிழில் ஆறே கட்டம். ம, கால், ச, மு, இரட்டைக்கொம்பு, ன. ஆங்கிலத்தில் தொலைந்த அந்த உயிர் நம் சகரத்துக்குள் தானாகவே இருக்கிறது. ஏழாவது கட்டத்தில் வாள் படமும் வந்துவிட்டது! எக்ஸ்காலிபர் எட்டுக் கட்டம் கேட்டது, லட்சுமணனை இலக்குவன் ஆக்கிய வழியில் 'எக்காலிபர்' ஆக்கினோம், ஏழில் கச்சிதமாக நின்றது. வளரி, கட்டாரி, சுருள்வாள் எல்லாவற்றையும் வைத்து வேறொரு மோட், அதாவது விளையாட்டையே நம் விருப்பத்துக்கு மாற்றிய பதிப்பு, செய்யும் திட்டம் இருக்கிறது. அதில் நண்பர் இஷ்டத்துக்கு விளையாடலாம். மொழிபெயர்ப்பு வேறு, அது வேறு.

பெயருக்காக நிரலிலும் கை வைத்தோம். ஆங்கிலப் பதிப்பின் டிராகன் வாள் டிராகனை வெட்டும்போது கூடுதல் பலம் காட்ட வேண்டும் என்று தரவில் எழுதியிருக்கிறது. ஆனால் சண்டைக் கணக்குப் போடும் நிரல் அதை எடுத்துக்கொள்வதே இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகள் அந்தப் பெயரை நம்பி அந்த வாளைத் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்து எப்போதோ திருத்தி வைத்துவிட்டார்கள். நாங்களும் திருத்தியிருக்கிறோம். திரையில் டிராகன் என்று எழுதினால் அது டிராகனை வெட்டியாக வேண்டும்.

இப்போது மிச்சம் ஒன்றே ஒன்று. ஓநாய் மனிதர்களை வெட்டுவதற்கென்று ஒரு வாள் இருக்கிறது. 'ஓநாய்' என்று எழுதி வாள் படம் வைத்தால் ஐந்து கட்டம்தான், ஆனால் ஓநாயிடமிருந்து பிடுங்கிய வாள் மாதிரி இருக்கிறது. ஓநாய்க்கொல்லி பத்துக் கட்டம். 'ஓநாய்ப்பகை' என்று அக்கா சொன்னதும் மூவரும் துள்ளினோம், எண்ணினால் எட்டு. நடுவில் இருக்கும் 'ப்' ஒற்றை எடுத்தால் ஏழு ஆகிவிடும் என்று நண்பர் என்னைப் பார்த்தார். எடுக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமைக்குள் யாருக்காவது ஒரு பெயர் தோன்றினால் கீழே எழுதுங்கள். எழுதும் முன் கட்டத்தை எண்ணிவிடுங்கள். கால், கொம்பு, சங்கிலி ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். புள்ளிக்குக் கிடையாது.