ஸ்டேடியம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும், அதற்குப் போகும் வழியையும் சேர்த்துக் கட்டுங்கள்

இரண்டு நாளாக எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். தர்மபுரிக்குள் இருக்கிற விளையாட்டு அரங்கத்தைப் புதுப்பித்து அக்கம்பக்கத்தையும் சேர்த்து மேம்படுத்தலாமா, இல்லை பைபாஸ் ஓரமாகப் பெரிய இடம் பார்த்துப் புதிதாகக் கட்டலாமா? பார்க்கிங் தாராளமாக இருக்கும் என்று நிறைய பேர் பைபாஸுக்குத்தான் ஓட்டுப் போடுகிறார்கள். நான் பதினேழு வருடமாக அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அலைந்தவள். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, அரங்கம் ஊருக்குள்தான் இருக்க வேண்டும்.

பார்க்கிங் கேட்கிறவர்கள் யாரும் ஓடப் போவதில்லை, பார்க்கத்தான் போகிறார்கள். ஓடுகிற பிள்ளை டவுன் பஸ்ஸில் வருகிறாள். பென்னாகரம் பக்கத்திலிருந்து, நல்லம்பள்ளியிலிருந்து, பாலக்கோட்டிலிருந்து. பள்ளி நாளில் பாஸ் இருக்கிறது. பயிற்சிக்குத் துணையாக வரும் அம்மாவுக்கோ 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாது. இவ்வளவு சலுகையும் பஸ் ஸ்டாண்டோடு முடிந்துவிடுகிறது. அரங்கம் பைபாஸில் இருந்தால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டும், திரும்பி வரவும் பிடிக்க வேண்டும், இரண்டு பேருக்கு. வாரத்தில் ஐந்து நாள் அந்தக் காசை எந்தக் கூலி வேலைக்காரர் வீட்டில் கொடுப்பார்கள்? முதல் மாதம் கொடுப்பார்கள். இரண்டாம் மாதம் "படிக்கிற வேலையைப் பாரும்மா" என்று நிறுத்திவிடுவார்கள். அப்படி நின்றுபோன பிள்ளைகள் எனக்கு நிறைய பேர்.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் 1962 உலகக் கண்காட்சிக்குக் கட்டிய அரங்கம் ஒன்று நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அக்கா மகன் அங்கே வேலையில் இருப்பதால் எனக்கு அது பழக்கம். அதை இடித்துத் தள்ளாமல், கிட்டத்தட்ட 20,000 டன் எடையுள்ள பழைய கூரையை அப்படியே அந்தரத்தில் தாங்கி வைத்துக்கொண்டு, கீழே ஆழமாகத் தோண்டிப் புது அரங்கம் கட்டி 2021 அக்டோபரில் திறந்தார்கள். அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை, அந்தக் கட்டடமும் நமக்கு வேண்டாம். ஆனால் அங்கே ஐஸ் ஹாக்கி மேட்ச் டிக்கெட் வைத்திருந்தால் அன்றைக்கு பஸ்ஸும் ரயிலும் இலவசம். ஆட்டத்துக்கு வரும் வழியும் அரங்கத்தின் ஒரு பகுதிதான் என்று யோசித்திருக்கிறார்கள். அதைத்தான் நானும் கேட்கிறேன்.

அப்புறம் இந்தச் சுற்றுப்புற மேம்பாடு. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு பயம் வந்துவிடுகிறது. சில வருடம் முன்பு வேறொரு மாவட்டத்தில் ஒரு ஊருக்குப் போட்டிக்குப் போயிருந்தோம், ஊர் பெயர் வேண்டாம். மைதானத்தின் முன்பக்கம் முழுக்க வரிசையாகக் கடைகள், கண்ணாடிக் கதவு, பளபள விளக்கு. இரண்டு கடைக்கு நடுவில் ஒரு சந்து, அதுதான் கேட். உள்ளே போனால் டிராக்கின் ஒரு வளைவு சுவரை இடிக்கிற மாதிரி நெருக்கிக்கொண்டு போகிறது. சுண்ணாம்புக் கோடு போட வந்தவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு தலையில் கை வைத்துவிட்டார். பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது, சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. நான்கு பிள்ளைகள் சுற்றி நின்று துப்பட்டாவைப் பிடித்துக்கொள்ள, நடுவில் ஒருத்தி உட்கார்ந்தபடியே ஷார்ட்ஸ் மாற்றினாள். பத்து நிமிடத்தில் அவள் 400 மீட்டர் ஓட வேண்டும்.

கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன். ஒருவர் ஓடும் பாதையான ஒரு லேன் 1.22 மீட்டர் அகலம். எட்டு லேன் வைத்த 400 மீட்டர் டிராக்குக்கு ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டும், அதுவே நான்கு ஏக்கர். ஓடி முடித்து நிற்க இடம், கேலரி, அறைகள் எல்லாம் அதற்கு மேல். காம்பவுண்டுக்கு உள்ளே பத்தடி எடுத்துக் கடை கட்டினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் முதலில் டேப் பிடித்து அளந்து பார்க்க வேண்டும். நெருக்கடியான இடத்தில் பத்தடி போனால் இரண்டு லேன் போய்விடும். போனது போனதுதான், வாடகைக்கு விட்ட கடையைக் காலி செய்ய வைத்து டிராக் போட்ட கதையை நான் கேட்டதில்லை.

கடையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சென்னையில் நேரு ஸ்டேடியத்தைச் சுற்றிப் பெரியமேட்டில் விளையாட்டுச் சாமான் கடைகள் எத்தனை இருக்கின்றன! எங்கள் பள்ளிக்கு வாலிபால் நெட் அங்கேதான் வாங்கினோம். இங்கேயும் ஸ்பைக்ஸ் என்கிற ஆணி வைத்த ஓட்டக் காலணி விற்கட்டும், சாயங்காலம் அவித்த முட்டையும் சுண்டலும் கம்மங்கூழும் விற்கட்டும், எல்லாம் காம்பவுண்டுக்கு வெளியே. அந்த வாடகை மைதானத்துக்கே வரட்டும். சிந்தெடிக் டிராக்கைப் போட்டதோடு விட முடியாது. கழுவ வேண்டும், கோடு அழிந்தால் திரும்பப் போட வேண்டும். காலையில் வாக்கிங் வரும் பெரியவர்களுக்கும் வெளிப்பக்கம் தனியாக ஒரு நடைபாதை கொடுத்துவிடுங்கள். எல்லோரும் முதல் லேனிலேயே நடந்து நடந்து அது மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடுகிறது, போட்டியில் தூரம் அளப்பதே அந்த லேனை வைத்துத்தான்.

என்னைக் கேட்டால் வேலை அரங்கத்து வாசலுக்கு வெளியில்தான் தொடங்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து அரங்கம் வரைக்கும் வண்டி ஏறாத நடைபாதை, வழி முழுக்க விளக்கு, அரங்கத்து வாசலில் டவுன் பஸ் நிறுத்தம். அடுத்து பெண்களுக்கு உடை மாற்றும் அறை, தண்ணீர் வரும் கழிப்பறை, அதற்கென்று சம்பளத்துக்கு ஒரு ஆள். அதன் பிறகு டிராக், உயரக் கம்பத்து ஹைமாஸ் விளக்கு. கேலரி கடைசியில் வரட்டும். மார்கழியில் ஆறு மணிக்கே இருட்டிவிடுகிறது. இப்போது என்னிடம் பயிற்சி எடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு ஊருக்குப் போகும் கடைசி பஸ் ஆறு நாற்பதுக்கு. ஐந்தே முக்காலுக்கே "டீச்சர், கிளம்பட்டுமா?" என்று பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள். இன்னும் இரண்டு ரவுண்டு ஓடு என்று ஒரு நாளும் என்னால் சொல்ல முடிந்ததில்லை.