"தூண்டில்தானே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்

அந்தப் போட்டோ பற்றி இன்பாக்ஸில் வந்து குவிகிற எல்லோருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். எந்தப் போட்டோ என்று ஊட்டி, குன்னூர், கோத்தகிரி தூண்டில்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம், அதாவது மீன்பிடித் தடைக்காலம், நடுக்கடல், விசைப்படகின் முன்பக்க அணியம், இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த வஞ்சிரம், நான்கு பேர் சிரிப்பு. படகின் பதிவு எண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஸ்டிக்கர். கேட்டால், "வலை இல்லையே, தூண்டில்தானே" என்கிறார்கள்.

நான் கேட்டது ஒரே ஒரு வரி. "தடைக்காலத்துல விசைப்படகு எப்படிங்க கிளம்புச்சு?" அவ்வளவுதான். அதற்குப் பொறாமைக்காரன் என்று ஒருவர் எழுதினார். அந்த ட்ரிப்பை ஏற்பாடு செய்தவரோ, "மலையில உட்கார்ந்துகிட்டு கடலைப் பத்திப் பேசாதீங்க" என்றார். போன நான்கு பேரும் மலைக்காரர்கள்தான். அவர்கள் அட்வான்ஸ் அனுப்பியபோது மலை உறுத்தவில்லை. நான் கேள்வி கேட்டதும் உறுத்துகிறது. இது எனக்கு வலித்தது, மறைக்க விரும்பவில்லை.

விதியை ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிழக்குக் கடற்கரையில், திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளும் இழுவைப் படகுகளும் மீன்பிடிக்கப் போகக் கூடாது. 2001இல் 45 நாளாக ஆரம்பித்தது, 2017இல் 61 ஆனது. குமரியின் மேற்குப் பக்கத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. நாட்டுப்படகுக்காரர்கள் போகலாம். தடை விசைப்படகுக்கு. அதில் ஏறி வலை வீசினாலும் தூண்டில் போட்டாலும் அது மீன்பிடிக்கப் போன விசைப்படகுதான். ஆயிரக்கணக்கில் விலை போகும் ஜிக்கிங் தூண்டில் ராடைக் கையில் வைத்திருந்தால் படகின் இன்ஜின் காணாமல் போய்விடாது.

"வலை டன் கணக்குல அள்ளுது, நாங்க ஒரு மீனைப் பிடிச்சா கடல் வத்திடுமா?" என்று கேட்கிறார்கள். வற்றாது. நான் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் தடைக்காலம் எதற்கு? மீன் சினைப்படும் காலம் என்பதற்காக. வலைக்குச் சின்னது பெரியது தெரியாது. தூண்டில்காரர் தேடிப் போவதோ பெரிய மீனை மட்டும். பெரிய மீன் யார்? சினை சுமக்கிற தாய். போன தடைக்காலத்தில் இதே போல ஒரு குழு மலைக்குக் கொண்டுவந்த வஞ்சிரத்தை கோத்தகிரியில் ஒரு வீட்டின் பின்பக்கம் பலகையில் வைத்து நறுக்கினார்கள். கத்தி இறங்கியதும் இரண்டு பக்கமும் முழங்கை நீளத்துக்கு மஞ்சள் சினைப் பை, மேலே சிவப்பு நரம்பு ஓடியது, தொட்டால் கிழியும் அளவுக்கு முற்றியது. "சினை வறுத்தா சூப்பரா இருக்கும்" என்று சந்தோஷப்பட்டார்கள். நான் சாப்பிடாமல் கிளம்பி வந்தேன். அதற்காகத்தான் எனக்குத் திமிர் என்று பெயர்.

அடுத்தது, "நாங்க பிடிச்சுட்டு விட்டுடுவோம், கேட்ச் அண்ட் ரிலீஸ்." மேல்மட்டத்தில் பிடித்த மீனுக்கு அது பொருந்தலாம். ஆழமான பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில் இருந்து இழுத்து மேலே கொண்டுவந்த கலவாவைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே காற்றுப்பை உப்பி, வயிறு வாய் வழியாக வெளியே தள்ளி, கண் பிதுங்கி நிற்கும். அதைத் தண்ணீரில் விட்டால் கீழே போகாது, மல்லாந்து மிதக்கும். பறவை வந்து கொத்தும். அதற்குப் பெயர் விடுவதா?

என் அக்கா பையன் அமெரிக்காவில், ஃபுளோரிடாவில் இருக்கிறான். ரெட் ஸ்நாப்பர் பிடிக்க சார்ட்டர் படகில், அதாவது கேப்டனோடு வரும் வாடகைப் படகில் போனான். நம்ம செப்பிலி இனத்து மீன். அங்கே கேப்டனின் லைசென்ஸே படகில் வருகிற எல்லோருக்கும் செல்லும், வந்தவர் தனியாக எடுக்க வேண்டாம். ஆனால் கெடுபிடி கேப்டன் மேல். ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு மீன், ஒவ்வொன்றும் 16 அங்குலம் இருக்க வேண்டும். இவன் பிடித்த மீனை அளவுப் பலகையில் வைத்தார்கள், வால் கோட்டைத் தொடவில்லை. இவன் கெஞ்சியும் கேப்டன் கேட்கவில்லை. எடை கட்டிய ஒரு கவ்வியைத் தாடையில் மாட்டி, ஆழத்துக்கு இறக்கி விட்டாராம். மெக்சிகோ வளைகுடாவில் பார் மீனுக்குப் போகிற படகில் அந்தக் கருவியோ, காற்றை வெளியேற்றும் ஊசியோ இல்லாமல் தூண்டில் போடக் கூடாது என்று 2022இல் சட்டமே வந்தது.

இன்னொன்றும் கேளுங்கள். 2017இல் அதே வளைகுடாவில், அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கடலில், சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு ஸ்நாப்பர் சீசன் முதலில் அறிவித்தது வெறும் 3 நாள். பெரிய கூச்சல் எழுந்த பிறகுதான் கூட்டினார்கள். அதே வருஷம் பர்மிட் உள்ள சார்ட்டர் படகுகளுக்கு 49 நாள். ஏன்? எந்தப் படகு, எத்தனை படகு என்று கணக்கு இருந்தது. கணக்கில் நிற்கிறவனுக்கு நாள் கிடைத்தது. நான் கேட்பதும் அதுதான். தூண்டில்காரனுக்கு ஒரு சீட்டு கொடுங்கள். எந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம், எந்த மீன் எந்த அளவில், எந்த மாதம் கூடாது என்று அதில் அச்சடியுங்கள். கட்டணம் வாங்குங்கள், நான் கட்டுகிறேன். இப்போது விசாரித்தால் ஒருவர் சொல்வதை இன்னொருவர் சொல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்கள் பிழைக்கிறார்கள்.

"மலைக்காரனுக்கு என்ன தெரியும்" என்றவருக்கு இப்போது வருகிறேன். மீனுக்குச் சீசன், லைசென்ஸ் என்பதெல்லாம் எங்களுக்குப் புதிதில்லை. நீலகிரி வேட்டை மற்றும் மீன் பாதுகாப்புச் சட்டம் 1879ஆம் வருஷத்தது. அவலாஞ்சியில் குளிர்நீர் மீனான ட்ரவுட்டுக்குக் குஞ்சு பொரிப்பகம் 1907இல் வந்தது. மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே 1863லேயே முயன்று முடியாமல் போன காரியத்தை, மீன் வளர்ப்பு நிபுணர் ஹெச்.சி. வில்சன் காலத்தில் சாதித்து, ஓடைகளில் ட்ரவுட்டை விட்டார்கள். என் அப்பா மின்வாரியத்தில் வேலை பார்த்தவர், குந்தா கேம்ப்பில் இருந்தோம். மீன்பிடி லைசென்ஸை பால் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பார். வாட்சர் எதிரே வந்தால் அவர் கேட்கும் முன்பே எடுத்து நீட்டுவார். கூடையையும் திறந்து காட்டுவார். அளவு குறைந்த மீன் என்றால், ஈரக் கையால் கொக்கியை எடுத்து, தண்ணீரோட்டத்துக்கு எதிரே முகம் வைத்துப் பிடித்துக்கொண்டு, அது தானாக உதறிக் கிளம்பும் வரை குனிந்தே நிற்பார். குளிரில் விரல் விறைத்துப் போகும். யாரும் பார்க்காத ஓடையிலும் அப்படித்தான். அந்த மனுஷனின் பிள்ளையிடம் வந்து பேசாதே என்கிறீர்கள்.

"அது வெள்ளைக்காரன் தனக்காகப் போட்ட சட்டம்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஆமாம், அவர்கள் வேட்டையாடத்தான் போட்டார்கள். அதற்கும் மே மாத வஞ்சிரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை, மேலே போகிறேன்.

"படகுக்காரர் பாவம், ரெண்டு மாசம் வருமானம் இல்லாம என்ன பண்ணுவார், நாங்க உதவிதானே செஞ்சோம்" என்கிறார்கள். இதுதான் என்னைத் தூங்க விடவில்லை. தூத்துக்குடியில் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி விசைப்படகில் டிரைவர். படகு கிளம்பினால்தான் அவருக்குப் பங்கு. இந்த இரண்டு மாதமும் பெயின்ட் அடிக்கிறார், வலை பொத்துகிறார், இன்ஜினைப் பிரித்து மாட்டுகிறார். ஜூனில் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் வேறு. நிவாரணத் தொகை எத்தனை நாளைக்கு வரும்? அவரிடம் அந்தப் போட்டோவைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "எங்கள உக்கார வச்சுட்டு இவனுவ போட்டோல்லா போடுதானுவ தம்பி" என்றார்.

உதவி என்றால் அவருக்குச் செய்திருக்கலாம். தடையை மதித்துக் கரையில் இருக்கிற ஆயிரக்கணக்கான பேரில் ஒருவருக்கு. தடையை உடைத்த ஒரே ஒரு முதலாளிக்குக் காசு கொடுத்துவிட்டு மீனவர்களுக்கு உதவினோம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கு ரோந்து வந்து படகைப் பிடித்தால் நீங்கள் காரில் ஏறி மேட்டுப்பாளையம் வழியாக மலைக்கு வந்துவிடுவீர்கள். மாட்டுவது யார்? அந்தப் படகில் கூலிக்கு வந்தவன்.

நான் தூண்டிலுக்கு எதிரி இல்லை. என் பரண் முழுக்க ராடுதான். ஜூன் 15க்குப் பிறகு போகலாம், அடுத்த ஏப்ரல் வரைக்கும் போகலாம். வருஷத்தில் பத்து மாதம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. அது போதாதா?

வாட்ஸப் குழுவில் இருந்து நேற்று இரவு என்னை நீக்கிவிட்டார்கள். பரவாயில்லை. ஜூன் 15க்கு மேல் தூத்துக்குடிப் பக்கம் போகிறவர்கள் என்னிடம் கேளுங்கள், பதிவு எண்ணை மறைக்காத படகுக்காரர்கள் போன் நம்பர் தருகிறேன். அதற்கு முன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.